அடுக்கடுக்காய் ஓர் ஆறுதல்

ஹங்கேரி நாட்டு உருளைக்கிழங்கு உணவும் அதன் செய்முறையும்
(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

விருந்து நாளுக்கென்று ஓர் உணவு எல்லா நாட்டிலும் உண்டு. உடலும் மனமும் சோர்ந்த நாளுக்கென்று ஓர் உணவும் எல்லா நாட்டிலும் உண்டு. முதல் வகைக்குப் புகழ் அதிகம். இரண்டாம் வகைக்கு அன்பு அதிகம். காய்ச்சல் விட்ட மறுநாள் அம்மா குழைய வடித்துப் பிசைந்து தரும் ரசம் சாதம் நமக்கு அந்த இரண்டாம் வகை. ஐரோப்பாவின் நடுவே உள்ள ஹங்கேரி நாட்டினரிடம் அப்படிப்பட்ட உணவு எது என்று கேட்டால் பலரும் ‘ரொகோட் க்ரும்ப்லி’ என்பார்கள். பெயர் வாயில் நுழையச் சற்றுச் சிரமப்படும். உணவு சிரமமே இல்லாமல் நுழைந்துவிடும்!

உருளைக்கிழங்கு, முட்டை, புளித்த பாலேடு, புகையூட்டிய சாசேஜ் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மிதமான சூட்டில் வைத்து எடுப்பதே இந்த உணவு. அரிய பொருள் என்று இதில் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் ஒரு நாட்டு மக்கள் தாய்வீட்டை நினைக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்து நினைக்கிறார்களே, ஏன்? அம்மக்களின் கதையையும், இதைச் செய்யும் முறையையும், அம்முறைக்குள் ஒளிந்திருக்கும் காரணங்களையும் அறிந்தால் விடை தானே கிடைக்கும். வாருங்கள் தோழியரே, அடுப்படிக்குப் போகுமுன் ஹங்கேரிக்கு ஒருமுறை போய் வருவோம்.

பெயரும் பொருளும்

ஹங்கேரி மொழியில் ‘ரொகோட்’ என்றால் அடுக்கப்பட்டது என்று பொருள். ‘க்ரும்ப்லி’ என்பது உருளைக்கிழங்கு. ஜெர்மானியரின் பேச்சு வழக்கில் இக்கிழங்குக்கு ‘நிலத்துப் பேரிக்காய்’ என்னும் பொருள்படும் ஒரு பெயர் இருந்தது. அப்பெயர்தான் ஹங்கேரியர் நாவில் உருண்டு புரண்டு க்ரும்ப்லி ஆயிற்று. ‘புர்கோன்யா’ என்று மற்றொரு பெயரும் உண்டு. அது பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியின் பெயரிலிருந்து வந்தது. ஏட்டில் எழுதும்போது புர்கோன்யா. அடுப்படியில் பேசும்போது க்ரும்ப்லி. ஆகவே ‘அடுக்கு உருளைக்கிழங்கு’ என்று நாம் தமிழில் அழைத்தால் தவறில்லை.

அடுக்கிச் சமைப்பது அந்நாட்டுப் பெண்களுக்குக் கைவந்த கலை. முட்டைக்கோஸையும் அடுக்குவார்கள், காலிஃபிளவரையும் அடுக்குவார்கள். ஆனால் குழந்தைகளின் ஓட்டு பெரும்பாலும் உருளைக்கிழங்குக்குத்தான். இந்த ஒரு விஷயத்தில் உலகத்துக் குழந்தைகள் அனைவரும் ஒரே கட்சி!

பஞ்சம் கற்றுத் தந்த கிழங்கு

ஹங்கேரிக்குக் கடற்கரை கிடையாது. டான்யூப், டிஸா என்னும் இரண்டு பெரிய ஆறுகள் அதன் சமவெளியை வளப்படுத்துகின்றன. தலைநகரான புடாபெஸ்ட் டான்யூப் ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கிறது. கோடையில் நல்ல வெயில் அடிக்கும்; குளிர்காலத்தில் பனி பெய்து வயல்கள் உறங்கிவிடும். பச்சைக் காய்கறி கிடைக்காத அந்த மாதங்களைக் கடக்க, அக்கால மக்கள் உணவைச் சேமித்து வைக்க வேண்டியிருந்தது. நிலவறையில் உருளைக்கிழங்கு, புகையில் தொங்கும் சாசேஜ், ஜாடியில் ஊறுகாய், கூட்டில் கோழி, தொழுவத்தில் பசு: இவைதாம் ஒரு கிராமத்து வீட்டின் குளிர்காலச் செல்வம். அடுக்கு உருளைக்கிழங்கின் பொருள்களை மறுபடி எண்ணிப் பாருங்கள். எல்லாம் இந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன.

ஆனால் உருளைக்கிழங்கு ஐரோப்பாவின் சொந்தப் பயிர் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாழ் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்த அதை, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கடல் கடந்து கொண்டுவந்தனர். ஐரோப்பியர் உடனே அதை வரவேற்கவில்லை. மண்ணுக்கடியில் விளைவது, நச்சுச் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றெல்லாம் சொல்லிப் பலகாலம் தயங்கினர். அவர்கள் மனத்தை மாற்றியது பசி. 1815ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசியும் புகையும் வானில் பரவி வெயிலை மறைத்ததால், 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவில் ‘கோடையில்லாத ஆண்டு’ என்றே பெயர் பெற்றது. கோதுமை பொய்த்தது. தானியம் பொய்த்த அத்தகைய ஆண்டுகளில்தான் ஹங்கேரி உட்படப் பல நாட்டு உழவர்களும் உருளைக்கிழங்கின் அருமையை உணர்ந்தனர். வேண்டாத விருந்தாளியாக வந்த கிழங்கு வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

அடுத்த நூற்றாண்டிலும் ஹங்கேரியர் பசியை மறக்க வாய்ப்பில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அந்நாட்டு நாணயமான ‘பெங்கோ’ சரியத் தொடங்கியது. உலகம் கண்ட பணவீக்கங்களில் அதுவே மிகப் பெரியது. 1946 ஜூலையில் ஏறத்தாழ 15 மணி நேரத்திற்கு ஒருமுறை விலைகள் இருமடங்காயின! காலையில் ஒரு ரொட்டி வாங்கப் போதுமான பணம் மறுநாள் காலையில் அரை ரொட்டிக்கும் போதாது. 1946 ஆகஸ்ட் 1ஆம் நாள் ‘ஃபோரிண்ட்’ என்னும் புதிய நாணயம் வந்தது. ஒரு ஃபோரிண்ட்டுக்கு ஈடான பழைய பெங்கோவை எழுத வேண்டுமானால் 4 என்ற எண்ணுக்குப் பின் 29 பூஜ்யங்கள் போட வேண்டும். நம் கணக்கு நோட்டின் ஒரு வரி அதற்குப் போதாது.

அந்நாள்களில் நகரத்து மக்கள் நகைகளையும் நல்ல துணிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போய், அவற்றைக் கொடுத்து மாவும் கிழங்கும் பன்றிக் கொழுப்பும் வாங்கி வந்தனர். பணம் வெறும் காகிதமானபோது, ஒரு கூடை உருளைக்கிழங்கு தங்கத்துக்குச் சமமாயிற்று. இதை அறிந்தபின் ‘வெறும் உருளைக்கிழங்குதானே’ என்று சொல்ல நம் நாக்கு கூசும் அல்லவா?

மிளகாய் தந்த நோபல் பரிசு

இந்த உணவுக்கு நிறம் தருவது ‘பாப்ரிகா’ என்னும் சிவந்த மிளகாய்த்தூள். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிரே. அதைப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தனர். ஹங்கேரிக்கு அது துருக்கியரின் ஆட்சிக் காலத்தில் சென்றது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர், ஒருவர் கிழக்கிலும் ஒருவர் மேற்கிலும் வளர்ந்ததுபோல, நம் மிளகாய் காரத்தில் தேறியது. ஹங்கேரி மிளகாய் இனிப்பிலும் நிறத்திலும் தேறியது. விதையையும் உள்நரம்பையும் நீக்கி அரைப்பதால் அங்கே காரமே இல்லாத பாப்ரிகாவும் கிடைக்கிறது. டிஸா ஆற்றங்கரையில் உள்ள செகெட் நகரமும், டான்யூப் அருகே உள்ள கொலோச்சா நகரமும் பாப்ரிகாவுக்குப் பெயர் பெற்றவை.

அந்தச் செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் 1930களில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்னும் அறிவியலறிஞர் ஆராய்ச்சி செய்து வந்தார். வைட்டமின் சி என்னும் பொருளைத் தனியே பிரித்தெடுக்க அவருக்குப் போதிய மூலப்பொருள் கிடைக்கவில்லை. ஒருநாள் இரவு உணவுக்கு அவருடைய மனைவி பாப்ரிகாக் காயைப் பரிமாறினாராம். அதை உண்ண விருப்பமில்லாத அவர், ‘இதை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லையே’ என்று எண்ணிச் சோதனைச்சாலைக்கு எடுத்துச் சென்றாராம். அக்காயில் வைட்டமின் சி நிறைந்திருந்தது! சில வாரங்களில் கிலோக்கணக்கில் அதைப் பிரித்தெடுக்க முடிந்தது. 1937ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இதை அவரே பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். (தட்டில் வைத்ததை உண்ணாதிருக்க இதை ஒரு காரணமாக நாம் வீட்டில் சொன்னால் எடுபடாது என்று எச்சரிக்கிறேன்!)

தேவையான பொருள்கள்

ஐந்து பேருக்கு உரிய அளவு கீழே தரப்பட்டுள்ளது.

உருளைக்கிழங்கு – 1 கிலோ (ஒரே அளவுள்ளவை)
முட்டை – 6
புளித்த பாலேடு – 400 கிராம்
புகையூட்டிய சாசேஜ் – 200 கிராம்
வெண்ணெய் – 50 கிராம்
ரொட்டித் தூள் – 3 மேசைக்கரண்டி
பாப்ரிகாத் தூள் – 2 தேக்கரண்டி
பூண்டு – 4 பல்
உப்பு, மிளகுத்தூள் – தேவையான அளவு

ஹங்கேரியில் புளித்த பாலேட்டுக்குத் ‘தெய்ஃபோல்’ என்று பெயர். பாலின் மேற்பகுதி என்பது அதன் பொருள். அது நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அரைக் கிலோ கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஒன்றரை மணி நேரம் தொங்கவிட்டு, நீர் வடிந்தபின் அதனுடன் 150 கிராம் க்ரீமும் ஒரு தேக்கரண்டி மைதாவும் கலந்து அடித்துக்கொண்டால் ஏறக்குறைய அதே சுவை வரும். தயிர் அதிகம் புளித்திருக்கக் கூடாது. வெறும் தயிரை அப்படியே ஊற்றினால் சூட்டில் திரிந்து நீர் விட்டுக்கொள்ளும். க்ரீமில் உள்ள கொழுப்பும் மைதாவும் அதைத் திரியாமல் காக்கின்றன.

ஹங்கேரிச் சாசேஜுக்குக் ‘கொல்பாஸ்’ என்று பெயர். பாப்ரிகாவும் பூண்டும் சேர்த்துப் புகையில் உலர்த்துவார்கள். நமக்குக் கிடைக்கும் சாசேஜில் இவை இருப்பதில்லை. ஆகவேதான் மேலே பூண்டும் பாப்ரிகாவும் தனியே சேர்த்திருக்கிறேன். பாப்ரிகா கிடைக்காதவர்கள் காரம் குறைந்து நிறம் மிகுந்த காஷ்மீர் மிளகாய்த்தூளைப் பயன்படுத்தலாம். அப்போது ஒரு தேக்கரண்டி போதும். சாம்பார்த் தூள் பக்கம் மட்டும் கை போகக் கூடாது!

செய்முறை

1. உருளைக்கிழங்கைத் தோலுடன் கழுவி, உப்பிட்ட நீரில் வேகவைக்கவும். நடுத்தரக் கிழங்கு 20 முதல் 25 நிமிடங்களில் வெந்துவிடும். கத்தி நுனியால் குத்தினால் தடையின்றி இறங்க வேண்டும். ஆனால் கிழங்கு உடையக் கூடாது. பொரியலுக்கு வேகவைக்கும் பக்குவம் போதும். மசியலுக்கு வேகவைக்கும் பக்குவம் கூடாது.

2. முட்டைகளைத் தண்ணீர் கொதித்த பிறகு 10 நிமிடம் வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் போடவும். ஆறியபின் ஓடு நீக்கி வட்டமாக நறுக்கவும்.

3. கிழங்கைச் சூடு தணிந்தபின் தோலுரித்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கவும்.

4. சாசேஜை மெல்லிய வட்டங்களாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் நசுக்கிய பூண்டுடன் இலேசாக வதக்கவும். பிறகு வாணலியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் பாப்ரிகாத் தூளைச் சேர்த்துக் கிளறவும்.

5. அகலமான, கனமான பாத்திரத்தின் உட்புறம் வெண்ணெய் தடவி, ஒரு கரண்டி ரொட்டித் தூளைத் தூவவும்.

6. இனி அடுக்க வேண்டும். முதலில் கிழங்கில் மூன்றில் ஒரு பங்கைப் பரப்பி உப்பும் மிளகுத்தூளும் தூவவும். அதன்மேல் பாதி முட்டை, பாதி சாசேஜ், பாலேட்டில் மூன்றில் ஒரு பங்கு. மறுபடி கிழங்கு, உப்பு, மீதி முட்டை, மீதி சாசேஜ், பாலேடு. மூன்றாவதாக மீதிக் கிழங்கை மூடி, உப்பிட்டு, மீதிப் பாலேட்டைப் பரப்பவும். சாசேஜ் வதக்கிய வாணலியில் தங்கியுள்ள சிவந்த நெய்யை மேலே ஊற்றவும். ரொட்டித் தூளைத் தூவி, எஞ்சிய வெண்ணெயைச் சிறு துண்டுகளாக ஆங்காங்கே வைக்கவும்.

7. ஓவனை முன்னதாகவே 180 டிகிரி சென்டிகிரேடு சூடாக்கி வைத்திருந்து, அதில் 35 முதல் 40 நிமிடங்கள் வைக்கவும். மேற்புறம் பொன்னிறமாகி, ஓரங்களில் பாலேடு கொப்புளித்தால் பக்குவம் வந்துவிட்டது.

8. வெளியே எடுத்து 10 நிமிடம் ஆறவிடவும். ‘ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லையாம்’ என்ற பழமொழி இதற்காகவே பிறந்ததோ என்னவோ! ஆறியபின் வெட்டினால்தான் அடுக்குகள் குலையாமல் துண்டாக வரும்.

ஓவன் இல்லாத வீட்டில்

நம் தோழியர் பலர் வீடுகளில் ஓவன் இல்லை. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அடிகனமான பாத்திரத்தில் மேற்சொன்னவாறே அடுக்கி, இறுக்கமான மூடி போட்டு, அதைத் தோசைக்கல்லின் மேல் வைத்து, மிகச் சிறு தீயில் 40 நிமிடங்கள் வைக்கலாம். தோசைக்கல் தீயை நேராகத் தாக்க விடாமல் தடுப்பதால் அடி பிடிக்காது. இம்முறையில் மேற்புறம் மட்டும் சிவக்காது. ஆகவே ரொட்டித் தூளை முதலில் சேர்க்காமல், தனியே வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து வைத்துக்கொண்டு, இறக்கியபின் மேலே தூவ வேண்டும். மொறுமொறுப்பும் மணமும் கிடைத்துவிடும்.

ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

செய்முறையை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒரு பண்டம்தான் வரும்; காரணத்தை அறிந்தால் பல பண்டங்கள் வரும். ஆகவே சில காரணங்களைக் கூறுகிறேன்.

கிழங்கைத் தோலுடன் வேகவைப்பது ஏன்? தோல் ஒரு கவசம்போல் நின்று, வைட்டமின் சியும் பொட்டாசியமும் நீரில் கரைந்து போவதைக் குறைக்கிறது. கிழங்கு அதிக நீரை உறிஞ்சிச் சொதசொதப்பாவதையும் தடுக்கிறது. சற்று ஆறியபின் நறுக்குவது ஏன்? வெந்த மாவுச்சத்து ஆறும்போது இறுகுகிறது. எனவே வட்டங்கள் உதிராமல் வரும்.

முட்டையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சைநிற வளையம் தோன்றும். வெள்ளைக்கருவில் உள்ள கந்தகமும் மஞ்சள் கருவில் உள்ள இரும்பும் சேர்வதால் வரும் நிறம் அது. கெடுதல் இல்லை, ஆனால் பார்வைக்கு நன்றாக இராது. உடனே குளிர்ந்த நீரில் போட்டால் வளையம் வராது.

பாப்ரிகாவை அடுப்பிலிருந்து இறக்கியபின் சேர்ப்பது ஏன்? அதில் இயற்கையான சர்க்கரை உள்ளது. கொதிக்கும் நெய்யில் தீயின்மேல் இட்டால் நொடியில் கருகிக் கசந்துவிடும். ஆனால் சூடான நெய் இல்லாமலும் முடியாது. ஏனெனில் அதன் சிவப்பு நிறம் நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஹங்கேரிச் சமையலில் முதலில் கற்றுத் தரப்படும் பாடங்களுள் இதுவும் ஒன்று.

ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியே உப்பிடுவது மிக முக்கியம். உருளைக்கிழங்கு தானாகச் சுவை தராது. அது பிறர் சுவையை ஏற்கும். மேலே மட்டும் உப்பிட்டால் மேல் அடுக்கு கரிக்கும். கீழ் அடுக்கு சப்பென்று இருக்கும். அடுக்கி வைத்தபின் உள்ளே உப்பிட எவராலும் முடியாது.

இன்னோர் எச்சரிக்கை. பச்சை நிறம் படர்ந்த கிழங்கையும், மிகுதியாக முளைவிட்ட கிழங்கையும் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருக்கும். வேகவைத்தாலும் அது முழுவதும் அழிவதில்லை. கிழங்கை வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் பச்சை ஏறாது.

உடன் உண்ணத் தொட்டுகை

வெண்ணெயும் பாலேடும் சேர்ந்த உணவு சிறிது உண்டதுமே திகட்டும். அதற்கு மாற்றாக ஹங்கேரியர் புளித்த வெள்ளரிக்காயை உடன் வைத்துக்கொள்வார்கள். அதன் பெயர் ‘கோவாஸோஷ் உபோர்கா’. அதைச் செய்யும் விதம் நமக்கு வேடிக்கையாக இருக்கும். பிஞ்சு வெள்ளரிகளைக் கீறி, ஒரு கண்ணாடி ஜாடியில் பூண்டும் சோயிக்கீரையும் சேர்த்து நிறுத்தி, வெதுவெதுப்பான உப்பு நீரை ஊற்றி, மேலே ஒரு துண்டு ரொட்டியை வைத்துக் கோடை வெயிலில் மூன்று நான்கு நாள்கள் வைப்பார்கள். ரொட்டி புளிப்பைத் தொடங்கி வைக்கிறது. வெயில் அதை வளர்க்கிறது. நம் பாட்டிமார் மொட்டை மாடியில் ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைப்பதைக் கண்டிருக்கும் நமக்கு இது அயலாகத் தோன்றாது. புளித்த வெள்ளரி இல்லாதபோது, வெள்ளரியை மெல்லியதாக நறுக்கி உப்பும் வினிகரும் சிறிது சர்க்கரையும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்தாலும் போதும்.

வெள்ளிக்கிழமைக்கும் தவக்காலத்துக்கும்

இறைச்சி தவிர்க்கும் நாள்களில் இந்த உணவைச் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். சாசேஜுக்குப் பதிலாக இரண்டு பெரிய வெங்காயத்தையும் 200 கிராம் காளானையும் வெண்ணெயில் நன்றாக வதக்கிப் பாப்ரிகா சேர்த்துக்கொள்ளலாம். ஆறு முட்டைகளில் ஏறத்தாழ 36 கிராம் புரதம் உள்ளது. ஒரு கிலோ கிழங்கில் ஏறத்தாழ 20 கிராம் உள்ளது. ஆகவே இறைச்சி இல்லாவிட்டாலும் சத்து குறைந்துவிடாது.

ரொட்டித் தூளைக் கடையில் வாங்க வேண்டியதே இல்லை. காய்ந்துபோன ரொட்டித் துண்டுகளை மிதமான சூட்டில் மொறுமொறுப்பாக்கிப் பொடித்தால் போதும். பூசணம் பிடித்ததை மட்டும் விலக்க வேண்டும். ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபின், ஒன்றும் வீணாகாதபடி மீதித் துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொன்ன ஆண்டவரின் பிள்ளைகள் அல்லவா நாம்! முந்தின நாள் மீந்த வேகவைத்த கிழங்கும் இந்த உணவுக்கு மிகப் பொருத்தமானது. உண்மையில் அது புதுக் கிழங்கைவிட அழகாக நறுக்க வரும்.

காத்திருக்கும் உணவு

இந்த உணவுக்கு ஓர் அரிய குணம் உண்டு. அது காத்திருக்கும். தோசை காத்திருக்காது, ஆறினால் விறைத்துக்கொள்ளும். பூரி காத்திருக்காது; அமுங்கிவிடும். அடுக்கு உருளைக்கிழங்கை மாலையில் அடுக்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் காலை சுடலாம். சுட்டதை மறுநாள் மிதமான சூட்டில் மீண்டும் சூடாக்கினால், அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து முதல்நாளைவிடச் சுவையாக இருக்கும்.

என் அம்மா செவிலியராகப் பணிபுரிகிறார். இரவுப் பணி முடிந்து காலையில் வரும்போது அவருக்குச் சமைக்கவும் தெம்பிராது, சாப்பிடவும் பொறுமையிராது. அப்படிப்பட்ட நாள்களில் எங்கள் வீட்டில் இந்த உணவு இருமுறை அம்மாவுக்காகக் காத்திருந்தது. நான் அடுக்கினேன், என் தம்பி கிழங்கு உரித்தான். மென்று விழுங்கச் சிரமப்படும் என் ஆச்சியும் இதை விரும்பி உண்டார்கள். அம்மா உண்டுவிட்டு அதிகம் ஒன்றும் பேசவில்லை. தட்டை வழித்து உண்டுவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போனார். ஆறுதல் என்பதற்கு அகராதியில் வேறு பொருள் இருக்கலாம். எனக்கு அந்தத் தூக்கமே போதும்.

சமையல் பெண்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிய காலம் உண்டு. பசி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்கும்போது, பசி தீர்க்கும் கலை மட்டும் எப்படி ஒருவருக்கே உரியதாகும்? ஆதலால் இக்கட்டுரையை வாசிக்கும் தோழியர் தத்தம் சகோதரர்களையும் கிழங்கு உரிக்க அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அந்நாட்டு அரசகுமாரி

ஹங்கேரி என்றதும் நம் நினைவுக்கு வர வேண்டிய ஒருவர் ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத். 1207ஆம் ஆண்டு இரண்டாம் ஆண்ட்ரூ மன்னரின் மகளாகப் பிறந்த இவர், ஜெர்மனியின் துரிங்கியா நாட்டுத் தலைவர் லூட்விக்கை மணந்தார். 1226இல் அங்கே கடும் பஞ்சம் வந்தபோது, கணவர் ஊரில் இல்லை. எலிசபெத் தயங்கவில்லை, அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்து ஏழைகளுக்கு உணவு வழங்கினார். அடுத்த ஆண்டே கணவரை இழந்து, பின்னர் மார்பர்க் நகரில் மருத்துவமனை அமைத்து நோயாளிகளுக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்தார். 1231இல் தம் 24ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். நான்கே ஆண்டுகளில், 1235இல், திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. மேலாடையில் மறைத்து அவர் ஏழைகளுக்குக் கொண்டுசென்ற அப்பம் ரோஜா மலர்களாக மாறியது என்று மரபு கூறுகிறது. நவம்பர் 17 அவருடைய திருநாள்.

எலிசபெத் உருளைக்கிழங்கைக் கண்டதே இல்லை. அது ஐரோப்பாவுக்கு வர இன்னும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஆனால் பசித்தவருக்கு உணவு தருவதற்கு அரிய பொருள் தேவையில்லை, திறந்த மனமே தேவை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. பஞ்சத்தையும் போரையும் கண்ட ஒரு நாட்டு மக்களின் அடுப்படியும் அதையே காட்டுகிறது. கிழங்கு தனியே நின்றால் வெறும் கிழங்கு. முட்டை தனியே நின்றால் வெறும் முட்டை. பொறுமையாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் மறவாமல் கவனித்து, மெல்லிய சூட்டில் சேர்த்து வைத்தால் அவை ஒரு குடும்பத்தையே தேற்றுகின்றன.

தோழியரே! அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் இதைச் செய்து பாருங்கள். ஐந்து பேருக்கு உரிய அளவைத் தந்திருக்கிறேன். உங்கள் வீட்டில் நான்கு பேரே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டாம். ஐந்தாவது பங்கு யாருக்கு என்று யோசியுங்கள். அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் முதியவர், காய்ச்சலில் படுத்திருக்கும் தோழி, இரவெல்லாம் விழித்திருந்து வரும் காவலாளி என யாராவது ஒருவர் நிச்சயம் இருப்பார். சூடாக இருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுங்கள். பாத்திரத்தை மட்டும் மறவாமல் திரும்ப வாங்கி வாருங்கள்!